பேசிக் எவ்வளவு?

(வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் ஊரில் ஒரு பையனுக்கு அரபு நாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்றால் முதலில் என்ன கேட்கிறோம்? "எவ்வளவு சம்பளம்?" அவன் "இரண்டாயிரம் திர்ஹம்" என்கிறான். உடனே மனதுக்குள் இந்தியப் பணத்திற்கு மாற்றிப் பார்த்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சம்பளம்" என்கிறோம். பெண் பேசப் போகிற இடத்திலும் அந்த ஒரு தொகைதான் பேசப்படுகிறது. அந்த இரண்டாயிரத்தில் பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்டவர்களை நான் இதுவரை மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். இன்று நான் பேச வந்தது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போகிற ஐக்கிய அரபு அமீரகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே தனியார் நிறுவனங்களுக்கான இப்போதைய தொழிலாளர் சட்டம் 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற சர்வீஸ் பணம், அதாவது கிராஜுவிட்டி, அந்தச் சட்டப்படி பேசிக் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. வீட்டு வாடகை, போக்குவரத்து, சாப்பாடு என்று எந்தப் பெயரில் அலவன்ஸ் வந்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது.

முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்திற்கு 21 நாள் பேசிக். ஆறாவது வருடத்திலிருந்து வருடத்திற்கு 30 நாள் பேசிக். ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். மொத்தத் தொகை இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டு தம்பிகள் ஒரே நாளில் விமானம் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மாதம் 2,000 திர்ஹம்தான். ஒருவருக்குப் பேசிக் 1,600, அலவன்ஸ் 400. இன்னொருவருக்குப் பேசிக் 800, அலவன்ஸ் 1,200. எட்டு வருடம் கழித்து இருவரும் கேன்சலில் ஊர் திரும்புகிறார்கள். ஐந்து வருடத்திற்கு 105 நாள், மூன்று வருடத்திற்கு 90 நாள், ஆக 195 நாள். முதலாமவருக்கு ஒரு நாள் பேசிக் ஐம்பத்து மூன்றே கால் திர்ஹத்துக்குச் சற்று மேல். அவர் கைக்கு 10,400 திர்ஹம் வருகிறது. இரண்டாமவருக்கு 5,200. இந்தியப் பணத்தில் ஒரு லட்சத்திற்கு மேல் வித்தியாசம். எட்டு வருடமும் இருவரும் வீட்டுக்கு அனுப்பிய பணம் ஒரே அளவாக இருந்திருக்கலாம். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசி நாள் வரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஓவர்டைமும் இப்படித்தான். சட்டப்படி பகலில் செய்கிற கூடுதல் வேலைக்குப் பேசிக் கூலியோடு குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். இரவு பத்து மணியிலிருந்து விடிகாலை நான்கு மணிக்குள் என்றால், ஷிப்ட் முறை வேலையாக இல்லாத பட்சத்தில், 50 சதவீதம் கூடுதல். வழக்கமான கணக்கின்படி பேசிக் 1,600 உள்ளவருக்குப் பகலில் ஒரு மணி நேர ஓ.டி.க்கு எட்டு திர்ஹத்திற்கு மேல் வரும். 800 உள்ளவருக்கு நான்கு திர்ஹம் சொச்சம். ஒரே வெயில், ஒரே சாரம், ஒரே இரண்டு மணி நேரம்!

வேலையை விட்டு வரும்போது எடுக்காமல் மீதமிருக்கும் லீவுக்குத் தருகிற பணமும் பேசிக்கை வைத்துத்தான். 2023 ஜனவரியிலிருந்து அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாகிவிட்டது. பேசிக் 16,000 வரை உள்ளவர்கள் மாதம் ஐந்து திர்ஹம் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டிய பிறகு, தானாக ராஜினாமா செய்யாமல் வேலை போய்விட்டால், அதிகபட்சம் மூன்று மாதத்திற்குப் பேசிக்கில் 60 சதவீதம் கிடைக்கும். 800க்கு 60 சதவீதம் 480. அதை வைத்துக்கொண்டு அங்கே ஒரு மாதம் எப்படி ஓட்டுவது?

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். வேலையிடத்து விபத்திலோ, வேலையால் வந்த நோயிலோ ஒருவர் மவுத்தாகிவிட்டால் குடும்பத்திற்குச் சட்டப்படி வர வேண்டிய இழப்பீடு 24 மாதப் பேசிக். அது 18,000 திர்ஹத்திற்குக் குறையக் கூடாது, இரண்டு லட்சத்திற்கு மேல் போகாது. நான் சொன்ன இரண்டு தம்பிகளில் ஒருவரின் குடும்பத்திற்கு 38,400, இன்னொருவரின் குடும்பத்திற்கு 19,200. தாய்மார்களே, சகோதரிகளே, அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது உங்கள் பணம். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அதைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு சகோதரரின் கதையைச் சொல்கிறேன். பேரும் நிறுவனமும் வேண்டாம். பன்னிரண்டு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர். போகும்போது மொத்தம் 1,400, அதில் பேசிக் 700. வரும்போது மொத்தம் 2,400. வருடா வருடம் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள், நல்ல முதலாளி என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் கூட்டிய ஆயிரமும் அலவன்ஸிலேயே ஏறியிருக்கிறது. பேசிக் அதே 700. 315 நாள் கணக்கில் அவர் கைக்கு வந்தது 7,350 திர்ஹம். சட்டப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூட்டிய பணத்தில் பாதி பேசிக்கில் சேர்ந்திருந்தாலே பேசிக் 1,200 ஆகியிருக்கும். சர்வீஸ் பணம் 12,600 வந்திருக்கும். கணக்கு கடைசியாக வாங்கிய பேசிக்கை வைத்துத்தான் போடப்படுகிறது. ஆகவே ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்க்ரிமென்ட் கேட்கும்போது "பேசிக்கில் கூட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். நூறு திர்ஹம் கூடுகிறது என்றால், அது எந்த வரியில் கூடுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "ராஜினாமா செய்தால் சர்வீஸ் பணத்தில் வெட்டிவிடுவார்கள்" என்று நம் பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய சட்டத்தில் அது உண்மை. அமீரகத்தின் புதிய சட்டத்தில் ஒரு வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் அந்த வெட்டு இல்லை. ஆனால் சம்பளமில்லாமல் வேலைக்கு வராத நாட்கள் சர்வீஸில் சேராது. கணக்கு முடித்துத் தர முதலாளிக்கு 14 நாள் அவகாசம் உண்டு.

சவூதிக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே முறை வேறு. முதல் ஐந்து வருடத்திற்கு வருடத்திற்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்திற்கு ஒரு மாதச் சம்பளம். சம்பளம் என்றால் அங்கே பேசிக் மட்டுமல்ல, மாதாமாதம் நிலையாக வருகிற அலவன்ஸும் சேர்ந்தது. மொத்தம் 2,000 ரியால் வாங்கியவர் எட்டு வருடம் இருந்து, ஒப்பந்தம் முடிந்தோ முதலாளி அனுப்பியோ வந்தால் ஐந்தரை மாதச் சம்பளம், 11,000 ரியால். ஆனால் அங்கே ராஜினாமா செய்தால் வெட்டு உண்டு. இரண்டு வருடத்திற்குள் என்றால் ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்திற்குள் மூன்றில் ஒரு பங்கு, பத்து வருடத்திற்குள் மூன்றில் இரண்டு பங்கு, பத்து வருடம் முடித்தால் முழுவதும். நமது எட்டு வருடக்காரர் ராஜினாமா செய்தால் 7,333 ரியால்தான். ஆகவே சவூதியில் இருப்பவர் கவனிக்க வேண்டியது எப்போது, எப்படி விலகுகிறோம் என்பதை. ஒன்பதரை வருடத்தில் கோபித்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்கும், இன்னும் ஆறு மாதம் பொறுத்துக்கொள்வதற்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு பணம் இருக்கிறது. இகாமாவுக்கும் அதைப் புதுப்பிக்கவும், வேலை அனுமதிக்கும் ஆகும் கட்டணம் அங்கே முதலாளியின் பொறுப்பு. அதைச் சம்பளத்தில் பிடிப்பது சட்டத்தில் இல்லாத வழக்கம்.

கத்தாரில் சட்டமே ஒரு தரை போட்டு வைத்திருக்கிறது. 2021 மார்ச் 20 முதல் எந்த நாட்டவராக இருந்தாலும் பேசிக் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. தங்க இடம் தராவிட்டால் அதற்கு 500, சாப்பாடு தராவிட்டால் 300 தனியாகத் தர வேண்டும். சர்வீஸ் பணம் வருடத்திற்குக் குறைந்தது மூன்று வாரப் பேசிக். கத்தார் விசா என்று சொல்லி ஒரு ஏஜென்ட் 800 ரியால் பேசிக் உள்ள காகிதத்தைக் காட்டினால், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

அமீரகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பொதுவான குறைந்தபட்சத் தொகை எதுவும் இல்லை. காகிதத்தில் என்ன எழுதுகிறோமோ அதுதான். அதனால்தான் அந்தக் காகிதத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிற வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் மதரஸாப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்திருந்தும் நாம் "தெரிந்தவர்தானே, நம் ஊர்க்காரர்தானே" என்று வாய்ப்பேச்சிலேயே பிள்ளையை அனுப்பிவிடுகிறோம்.

அமீரகத்தின் ஆஃபர் லெட்டர் தொழிலாளர் அமைச்சகத்தின் முறைப்படி வருகிறது. அரபியோடும் ஆங்கிலத்தோடும், தொழிலாளிக்குத் தெரிந்த இன்னொரு மொழியிலும் அதைத் தர ஏற்பாடு இருக்கிறது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. இது நம்மில் பலருக்குத் தெரியாது. "எனக்குத் தமிழில் வேண்டும்" என்று கேளுங்கள். அங்கே போனபின் போடுகிற அக்ரிமெண்ட், இங்கே கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டரின்படியே இருக்க வேண்டும். தொழிலாளிக்கு நன்மையாக மாற்றலாம், குறைத்து மாற்றக் கூடாது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு காகிதம் காட்டினால், இங்கே கையெழுத்திட்டதன் படம் உங்கள் கையில் இருக்க வேண்டும். போனில் ஒன்று, வீட்டில் மனைவியிடமோ வாப்பாவிடமோ ஒன்று. போன் தொலைந்துபோகும், வீட்டு அலமாரியில் இருக்கும் காகிதம் அவ்வளவு எளிதில் தொலையாது.

விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறார்கள். தேடலாம், வேலை பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்த மாதங்களுக்கு அக்ரிமெண்ட் இல்லை, காப்பீடு இல்லை, சர்வீஸ் இல்லை. மேலே சொன்ன கணக்கு எதிலும் அந்த நாட்கள் வராது.

சம்பளம் அங்கே 2009லிருந்து டபிள்யூ.பி.எஸ். என்ற முறையில், வங்கி அல்லது அனுமதி பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனம் வழியாக வருகிறது. எவ்வளவு போட்டார்கள் என்பது அமைச்சகத்திற்குத் தெரியும். ஆனால் சில இடங்களில் சம்பளக் கார்டை முதலாளி தன்னிடமே வைத்துக்கொள்கிறார், அல்லது வங்கியில் முழுவதும் போட்டுவிட்டுப் பாதியை ரொக்கமாகத் திருப்பி வாங்குகிறார். கார்டையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அங்கே சட்டப்படி தவறு. வேலைக்கு எடுக்கிற செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிப்பதும் தவறு. கேன்சல் ஆகும்போது "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்துவதும் அப்போதுதான் நடக்கும்.

இந்தப் பக்கத்துச் செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதோடு. பதிவு உள்ளவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்க்கலாம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் வரும். அவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்திற்கு 275 ரூபாய், மூன்று வருடத்திற்கு 375 ரூபாய். விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் பத்து லட்சம். அதில் வாரிசாக யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நிகாஹுக்கு முன் எடுத்த காகிதத்தில் மனைவி பெயர் இருக்காது. அந்த வகைப் பாஸ்போர்ட்டில் போகிற பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு அமீரகத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. நான் இதுவரை சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

இனி, இந்த அவையில் இருக்கும் சிலரைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே கடை வைத்திருப்பவர்கள், காண்ட்ராக்ட் எடுப்பவர்கள், லீவில் வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போய் வாழ வைத்தவர்கள் நீங்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உங்களில் சிலர் போடும் அக்ரிமெண்டிலும் பேசிக் 600, அலவன்ஸ் 1,200 என்றுதான் இருக்கிறது. கேட்டால் "எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேசிக்கை 800லிருந்து 1,600 ஆக்கினால் மாதச் சம்பளத்தில் ஒரு திர்ஹம்கூடக் கூடாது, மொத்தம் அதே 2,000தான். சர்வீஸ் பணத்தில் முதல் ஐந்து வருடத்திற்கு வருடத்துக்கு 560 திர்ஹம் கூடும். மாதத்திற்கு நாற்பத்தேழு திர்ஹம் வரும். ஓ.டி. வாங்கினால் அதற்கும் கொஞ்சம் கூடும், அது அவர் உழைத்த நேரத்துக்கு. ஓர் ஆளுக்கு மாதம் நாற்பத்தேழு திர்ஹத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தப் பிரிப்பு. அந்தப் பிள்ளையின் வாப்பா உங்கள் பக்கத்தில்தான் ஜும்ஆவில் நிற்கிறார். அவரிடம் இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல முடியும் என்றால் அப்படியே போடுங்கள்.

சொந்தக்காரப் பையன் என்றால் அக்ரிமெண்டே சரியாகப் போடாமல் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதும் நடக்கிறது. மாமா பார்த்துக்கொள்வார்தான். ஆனால் மாமாவுக்குப் பிறகு கடையை நடத்த வரும் அவருடைய மகன் பார்த்துக்கொள்வானா? அப்படி இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை நாம் எல்லோரும் அறிவோம். எழுதி வைத்திருந்தால் உறவாவது மிஞ்சியிருக்கும்.

அங்கே பிரச்சினை வந்துவிட்டால் என்ன செய்வது? தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். 2024லிருந்து 50,000 திர்ஹத்திற்கு உட்பட்ட வழக்குகளில் அமைச்சகமே முடிவு சொல்லிவிட முடியும். நம் ஆட்களின் பாக்கி பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் இருக்கும். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம் 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது அக்ரிமெண்டைத்தான்.

ஆஃபர் லெட்டர் வந்தவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு நகலை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை இருப்போம். கட்டணம் ஒன்றும் இல்லை. எட்டு வருடம், பத்து வருடம் என்று கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதித் தருகிறோம். போகிறவர் மட்டும் வர வேண்டாம். உம்மாவையோ மனைவியையோ கூடவே அழைத்து வாருங்கள். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் வீட்டார், அக்ரிமெண்டின் படத்தை இந்த வாரமே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். "எதற்கு?" என்று அவர் கேட்டால், பேசிக் எவ்வளவு என்று பார்க்க என்று சொல்லுங்கள்.